பங்கில்லாதவர் கையெழுத்து

“…பங்கே கெடையாதுன்னு நீயே சொல்ற. சரி. பங்கு இல்லாதவன் கையெழுத்து அந்த ஊரு பேங்க்குக்கு இன்னாத்துக்கும்மா?”

மூத்தார் இப்படிக் கேட்டபோது அவர் கையில் பாதி தோல் உரித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது. கரியாலூரைத் தாண்டி ஒரு மேட்டுக்காட்டில், பலா மரத்தடியில், சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரில் நின்று பேசும் வழக்கம் இல்லை. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் உள்ளே போய்விடுவேன். சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் யாரையாவது வைத்துக்கொண்டு சொல்வேன். ஆள் இல்லாத நேரங்களில் கோழியிடம் சொல்லியிருக்கிறேன். “இந்தா கோழி, சோறு ஆறிக்கினே கீது, வந்து துன்னாதானே ஆவும்” என்பேன். அவரும் கோழிக்குப் பதில் சொல்வது போல, “தோ வரேன், வரேன்” என்பார். அப்படிப்பட்டவரிடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேருக்கு நேர் பேசினேன். பேசியது என்னவென்றால், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்பது.

 அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் மலேயாவில் பிறந்தவர்கள். கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா அங்கேயே இறந்துபோக, அவர்கள் அப்பா பெரிய பையனை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கச்சிராயபாளையத்துக்குத் திரும்பி வந்தார். பால்குடி மறக்காத சின்னவனைத் தோட்டத்திலேயே தன் தம்பி பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார். ஒருவர் கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு வைத்தார். இன்னொருவர் கடலுக்கு அந்தப் பக்கம் ரப்பர் பால் வெட்டினார். சின்னவர் பெண் கட்ட இங்கே வந்தார். என்னைக் கட்டினார். கொஞ்ச மாதம் இருந்துவிட்டுப் போனார். அப்புறம் பெண் குழந்தை பிறந்தபோது ஒரு மாதம் வந்து இருந்தார். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் வாயில் வருவதையெல்லாம் அந்தக் காலத்தில் எழுதி வைத்திருந்தால் இன்றைக்குப் பெரிய புத்தகமாகியிருக்கும். “ஒன் புருசன் பண்டிகைக்கு வுடற ஸ்பெஷல் பஸ்ஸு மாரிடீ. வரும்னு போர்டு கீது, பஸ்ஸ மட்டும் காணோம்” என்பாள். நானும் சிரித்துவிடுவேன். உள்ளே வந்து அடுப்பை ஊதும்போதுதான் கண் எரியும்.

அவர் ஏன் எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை என்றால், வீடு இல்லை. தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, அதில் சித்தப்பா குடும்பமும் இருந்தது. அந்தத் தோட்டத்தையும் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்து, லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் கடிதம் எழுதினார். ஊருக்கு வெளியே வரிசையாக வீடு கட்டி விற்கிறார்கள். ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். மிச்சத்துக்கு அந்த வீட்டின் மேலேயே பேங்க் கடன் தருகிறது. கடன் கிடைத்து வீடு கைக்கு வந்தால் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்வேன். கிடைக்காவிட்டால் முன்பணமும் போகும், நான் எங்கேயாவது ஒரு கொட்டகையில் கிடப்பேன், நீங்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். எழுதியிருந்தது இவ்வளவே. எனக்கு அந்தக் கடிதத்தில் தெரிந்தது ஒரு கூரை, அதன் கீழே நாங்கள் மூன்று பேர்.

என் அப்பாவுக்குத் தெரிந்தது வேறு. எங்கள் ஊரில் அடமானம் என்றால் பெரும்பாலும் போக்கியம்தான். கடன் கொடுத்தவன் நிலத்தை எடுத்துக்கொண்டு உழுது சாப்பிடுவான். வீடாக இருந்தால் அவன் குடி வந்துவிடுவான். கடனைத் திருப்பினால் நிலம் திரும்பும். கடன் கொடுத்தவன் சும்மா இருக்க, வாங்கியவன் அந்த வீட்டிலேயே குடியிருப்பதை எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

“அப்ப பேங்க்காரன் எங்க குடியிருப்பான்?” என்று கேட்டார் அப்பா.

“அவன் வரமாட்டானாம்பா. மாசாமாசம் பணம் கட்டுனா போதுமாம்.”

“நம்பளையே குடியிருக்க வுட்டுட்டு, அவன் வெளிய நின்னுக்கினு காசு குடுப்பானா? இன்னாம்மா இது. இதுல வில்லங்கம் கீது.”

அப்பாவுக்கு வில்லங்கம் என்றால் பயம். அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய நிலம் ஒன்று, விற்றவருடைய பங்காளி ஒருவர் கையெழுத்துப் போடாததால் கோர்ட்டுக்குப் போய்க் கையை விட்டுப் போனது. அதிலிருந்து அவருக்கு ஒரு கணக்கு: எந்தப் பத்திரத்திலும் எத்தனை பங்காளி கையெழுத்து இருக்கிறதோ அத்தனை பலம்.

பேங்க் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் புருஷன் இந்த வீட்டை அடமானம் வைப்பதில் எனக்குச் சம்மதம் என்று நோட்டரி வக்கீல் முன்னால் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். தாளையே அங்கிருந்து அடித்து அனுப்பியிருந்தார்கள். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு பொம்பளை கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த பேங்க்காரன் நம்புவான் என்றார். மறுநாளே பங்காளிகளைக் கூப்பிட்டுவிட்டார். மூத்தாரும், ஊரிலேயே இருந்த இன்னொரு சித்தப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, “மூத்தவரு நீங்க. உங்க கையெழுத்துதான் மொதல்ல இருக்கணும்” என்று மூத்தாரிடம் நீட்டினார்.

மூத்தார் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கள்ளக்குறிச்சிக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். நோட்டரி வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தம்மா ஒருத்தங்க போட்டா போதுமே. எதுக்குங்க இத்தினி பேரு?” என்றார்.

“இருக்கட்டும் சார்” என்றார் அப்பா. “பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது. இவுங்க எல்லாருமே சம்மதம்னு எழுதிடுங்க.”

வக்கீலும் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தார். மூத்தார் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், “நான் பொறந்த ஊருக்கு நான்தான் போவல, எங்கையெழுத்தாவது போவட்டும்” என்றார். வக்கீல்கூடச் சிரித்தார். வரும் வழியில் அவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

தபால் போன பிறகு புரட்டாசி வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக சாலை மறியல். எங்கள் ரோட்டிலும் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். டவுன் பஸ் இல்லை, ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்தது. டீக்கடைக்காரர் ஒருவர், “நிக்கும்போது இந்த மரத்த ஒரு பையன் அண்ணாந்து பாக்கல. படுத்ததுக்கப்புறம் ஊரே வந்து பாக்குது” என்றார். முதல் நாள் அந்தப் பேச்சுக்குச் சிரித்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை. போலீஸ் வண்டிகள் வந்தன. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்றார்கள். வீடுகளில் ஆம்பிளைகள் இல்லாமல் போனார்கள். பிடித்துக்கொண்டு போனவர்கள் பாதி, ஓடினவர்கள் பாதி. எல்லாத் தெருவிலும் பெண்கள் முகம் கறுத்துக் கிடந்தது. மறியல் செய்தவர்கள் வீடும் அப்படித்தான், செய்யாதவர்கள் வீடும் அப்படித்தான்.

மூத்தார் பெயரும் ஸ்டேஷனில் இருக்கிறது என்று சேதி வந்தது. மரம் வெட்டிய வழக்கு. “வெட்டுனது நான் இல்ல, இழுத்துப் போட்டதுதான் நானு” என்று அவர் சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். மலையில் அவருக்குத் தெரிந்த வீடு உண்டு. வருஷா வருஷம் கடுக்காயும் புளியும் வாங்கப் போகிற இடம். அங்கே போய்விட்டார்.

ஐப்பசி முடிகிற சமயம் என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது.  பேங்க்கின் வக்கீல் தாளைப் பார்த்து நிறுத்திவிட்டாராம். மனைவி சம்மதம் கேட்டோம், இந்த மூன்று ஆண்கள் யார்? சம்மதம் சொல்கிறார்கள் என்றால் இவர்களுக்கு இந்த வீட்டில் ஏதோ உரிமை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நாளைக்கு இவர்கள் வழக்குப் போட்டால்? ஆகவே, இந்த வீட்டில் தங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று மூன்று பேரும் தனித்தனியே எழுதி, முன்பு போலவே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மார்கழிக்குள் வராவிட்டால் கடன் இல்லை. கீழே அவர் கையால் ஒரு வரி: ‘உன்னை மட்டும்தானே போடச் சொன்னேன்.’

அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.  “பலமா இருக்கட்டும்னுதாம்மா வாங்குனேன்” என்றார். அதற்குமேல் அவரை என்ன சொல்வது.

சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் இளையவர், “இல்லன்னு எழுதறதுக்கே இத்தினி தொந்தரவு பண்றாங்கன்னா, இருந்திருந்தா எங்களுக்கு ஒரு ரூம்பாவது குடுத்திருப்பாங்க போல” என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அது காற்றில் போய் மலை ஏறியிருக்க வேண்டும். மூத்தாருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியபோது, எழுத முடியாது என்று பதில் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

அதனால்தான் நானும் அப்பாவும் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்துப் போய் கரியாலூரில் இறங்கினோம். ரோட்டோர டீக்கடை வரைக்கும் வந்த அப்பா அங்கே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “வெத்தல வச்சிக் கூப்ட்டவனும் நானு, இல்லன்னு எழுதச் சொல்றவனும் நானுன்னா, அவரு மூஞ்சியில எப்பிடிம்மா முழிக்கறது. நீ போயிட்டு வா.”

மரவள்ளிக் காட்டில் மூத்தாரோடு அந்த வீட்டுக்கார அம்மாளும் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கப்படி அந்த அம்மாளிடம் சொல்வது போலத்தான் ஆரம்பித்தேன். “யக்கா, அவருகிட்ட சொல்லுங்க, ஒரு கையெழுத்துதான்…” அவள் கத்தியை நிறுத்தாமலே, “அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீயே சொல்லும்மா” என்றாள். அப்படித்தான் நேராகப் பேச வேண்டி வந்தது. பேங்க் கேட்பதைச் சொன்னேன். உங்களுக்கு அதில் பங்கு கிடையாதுதானே மாமா, அதை எழுதித் தந்தால் போதும் என்றேன். அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“எனக்குத் தெரியல மாமா” என்றேன். “மொதல்ல உங்க கையெழுத்தே அவுங்க கேக்கல. எங்கப்பா உங்கள மதிச்சி வாங்குனாரு. அந்த மதிப்புதான் இப்ப குறுக்க நிக்குது.”

அவர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரோட்ல நின்னு எங்க பங்க எங்களுக்குக் குடுன்னு கேட்டோம்மா. அதுக்குத்தான் இங்க வந்து கெழங்கு உரிச்சிக்கினு கீறேன். நீ மல ஏறி வந்து, பங்கு வேணான்னு எழுதிக் குடுன்ற.”

அந்த அம்மாள் சிரித்தாள். “எங்க நெலத்துக்கு எங்ககிட்டயே காயிதம் இல்ல. நீங்க இல்லாத நெலத்துக்குக் காயிதம் எழுதிக்கினு கீறீங்க.”

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

“அந்த லயத்துல கடைசி வூடு எங்களுது” என்றார் மூத்தார். இப்போது அவர் என்னிடம் பேசவில்லை, கிழங்கிடம் பேசினார். “எங்கம்மா செத்தது அதுலதான். எங்கப்பன் என்ன இட்டுக்கினு கெளம்பறப்ப, சித்தி தம்பிய இடுப்புல வச்சிக்கினு வாசல்ல நின்னுது. அவன் அழுவல. அவனுக்கு இன்னா தெரியும். நான்தான் அழுதேன். இங்க வந்து எத்தினியோ வருசம், எனக்கு அங்க ஒண்ணும் இல்லன்னு யாரும் சொல்லல. அப்பிடியே இருந்துட்டேன். இப்ப நானே என் கையால எழுதணுமா, எனக்கும் அவனுக்கும் ஒண்ணுமில்லன்னு?”

“அவருக்கும் உங்களுக்கும் இல்லன்னு இல்ல மாமா. அந்த வூட்டுக்கும் உங்களுக்கும்தான்.”

“வூடு வேற, அவன் வேறயா?”

எங்கள் ஊரில் அப்படி ஒரு பத்திரம் எழுதுவது அண்ணன் தம்பிகள் பிரியும்போதுதான். விடுதலைப் பத்திரம் என்பார்கள். எழுதி முடித்த அன்றைக்கு ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியும். பேங்க் வக்கீலுக்கு அது ஒரு தாள். எனக்கும் மலை ஏறுகிற வரைக்கும் தாளாகத்தான் இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் குழந்தை முகமும் கண் முன்னால் வந்தது. போட்டோவைக் காட்டி அப்பா என்று சொல்லிக் கொடுத்து, தபால்காரர் வரும்போதெல்லாம் அவரை அப்பா என்று கூப்பிடுகிற குழந்தை. இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“மாமா, இங்கயே எழுதித் தந்தா செல்லாது. கீழ வக்கீலுகிட்ட வந்துதான் போடணும். வந்தா ஸ்டேஷன்ல உங்களப் புடிப்பாங்க. அது எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிதான் கேக்கறியா?”

“தெரிஞ்சிதான் மாமா கேக்கறேன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாப்பாவ இஸ்கூல்ல சேத்தாச்சா?”

“வர்ற வருசம் சேக்கணும்.”

“அவன் அதத் தூக்கியிருக்கானா?”

“பொறந்தப்ப. ஒரு மாசம்.”

அவர் கையிலிருந்த கிழங்கை மட்டும் உரித்து முடித்துக் கூடையில் போட்டார். அடுத்ததை எடுக்கவில்லை.  நான் அந்த அம்மாளிடம் மட்டும் வரேன் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தேன். டீக்கடைக்கு வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். அது ஆறும்வரை அப்படியே வைத்திருந்தேன். வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளிமலையிலிருந்து திரும்புகிற பஸ்.

அப்பா என் முதுகுப் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். நானும் திரும்பினேன். மேட்டிலிருந்து மூத்தார் இறங்கி வந்துகொண்டிருந்தார். கை கழுவிய ஈரம் காயவில்லை. அதே வெள்ளைச் சட்டை, மலைக்கு வரும்போது மடித்துக்கொண்டு வந்திருப்பார் போல, மடிப்பு மடிப்பாக இருந்தது. கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

“இன்னா மாமா, டீ ஆச்சா?” என்றார் அப்பாவிடம்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். “இத தலையில போட்டுக்கினு பின்னால ஒக்காந்துக்கப்பா. கச்சிராயபாளையத்துல ரெண்டு போலீஸ் நின்னுக்கினு கீறாங்க, வர்றப்ப பாத்தேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் குனிஞ்சிக்கினே வந்துடு.”

மூத்தார் துண்டை வாங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, “கையெழுத்துப் போடப் போறவன் மூஞ்சிய மூடிக்கினா போவான்?” என்று அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் முன்கண்ணாடிக்கு நேராக இருந்த சீட்டில், ரோட்டில் நிற்கிறவர்களுக்கெல்லாம் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.